ராஜா வராத இரவில் கேட்ட ராஜா

மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ் பக்கத்திலிருந்து கோலாலம்பூர் கச்சேரிக்குப் பேருந்து பிடிக்கும் பேச்சு எழுந்தாலே இளைஞர்களிடமிருந்து ஒரு கேள்வி வந்துவிடும். "இந்தப் பாட்டெல்லாம் போன்லயே இருக்கே மாமா. ரெண்டு மணி நேரம் ஓடிப் போயி, டிக்கெட்டுக்கு அவ்வளவு காசு கட்டி, தெரிஞ்ச பாட்டையே கேட்டுட்டு வர்றதுல என்ன கிடைக்குது?"

நியாயமான கேள்வி. "போய்ப் பார்த்தால் தெரியும்" என்று சொல்லி அவர்கள் வாயை அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒட்டுக்கடையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு தே தாரிக் வாங்கி வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொல்ல வேண்டிய பதில் இது. இளையராஜாவின் இசையோடு வளர்ந்த ஒரு தோட்டத்துப் பிள்ளையாக, எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில், அந்தப் பாட்டு எங்களிடம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

மலாக்காவுக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழையது. மலாயாவில் முதன்முதலாக வணிகத்துக்கென்று ரப்பர் நட்டவர் என்று வரலாறு சொல்லும் தான் சாய் யான், 1896ல் கன்று வைத்த இடம் எங்கள் மாநிலத்துப் புக்கிட் லிந்தாங். அதற்குப் பிறகு பெருகிய தோட்டங்களுக்குத்தான் எங்கள் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்தார்கள். இருட்டோடு எழுந்து பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போவது, நெற்றி விளக்கோடு நிரையில் இறங்குவது, பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வெயில் ஏறிய பிறகு லயத்துக்குத் திரும்புவது. அந்த வாழ்க்கைக்குள் பாட்டு மூன்று வழியாக வந்தது.

ஒன்று, மலேசிய வானொலியின் தமிழ்ப் பகுதி. இன்றைக்கு அது மின்னல் எஃப்எம். அன்றைக்கு லயத்தில் யாராவது ஒருவர் வீட்டில் பெட்டி இருந்தால் போதும், வரிசை முழுவதும் கேட்கும். இரண்டாவது, திடலில் திரை கட்டிக் காட்டிய படம். பாய் விரித்து உட்கார்ந்து பார்த்த படங்களின் பாட்டு மறுநாள் பால் காட்டில் வாய்க்கு வாய் தாவும். மூன்றாவது, கோவில் திருவிழாவுக்குத் தென்னையிலும் கம்பத்திலும் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி. அதில் வந்த பாட்டு அடுத்த தோட்டம் வரைக்கும் போகும்.

1976ல் 'அன்னக்கிளி' வந்தது. அதுவரை எங்கள் உறுமியும் தப்பும் நாயனமும் கோவில் வாசலில் இருந்தன. சினிமாப் பாட்டு வேறு எங்கோ இருந்தது. செங் பகுதியில் சன்னாசிமலை ஆண்டவருக்கு மாசி மகம் எடுக்கும்போதும் எங்கள் மாரியம்மனுக்குத் தீமிதி நடக்கும்போதும் கேட்கிற அந்தத் தாளக்கட்டு, வயலின் கூட்டத்தோடு சேர்ந்து வானொலியில் வரும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. தங்கள் வீட்டுச் சத்தம் மரியாதையோடு உயர்ந்த இடத்தில் உட்காருவதைக் கேட்டபோது தோட்டத்துச் சனங்களுக்கு ஏற்பட்ட நிமிர்வை நான் என் பெற்றோரின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

அந்த நெருக்கம் தற்செயலாக வந்ததில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

இளையராஜா 1943ல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். நாட்டுப்புற மெட்டுகளில் அரசியல் பாட்டுக் கட்டுவார். பொதுக்கூட்டத்தில் நின்றபடியே கேட்கும் சனங்களுக்குப் பாடுவார். 1958ல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. மூணாறு வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் நிறைந்த தொகுதி அது. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் அரசுக்கு முக்கியமான தேர்தல். காங்கிரசுக்காக எம்.ஜி.ஆர். பிரசாரத்துக்கு வந்தார், கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாவலர் பாடினார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அந்த அண்ணனின் குழுவில்தான் பதின்ம வயதுத் தம்பி பிறகு போய்ச் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய், ஆர்மோனியம் வாசித்து, எளிய உழைப்பாளிகள் முன்னால் பாடியதுதான் அவருடைய முதல் பள்ளிக்கூடம். தோட்டத் தொழிலாளிக்கு எந்த மெட்டு பிடிக்கும், எந்த இடத்தில் அவன் தலை அசைப்பான் என்பதைச் சென்னைக்குப் போவதற்கு முன்பே கற்றுக்கொண்ட குடும்பம் அது.

1960களின் இறுதியில் சென்னைக்குப் போன பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் படித்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக வேலை பார்த்தார். கிளாசிக்கல் கிட்டாருக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வு எழுதினார். இந்தப் படிப்பில் அவருக்குக் கிடைத்த முக்கியமான திறமை என்று நான் நினைப்பது, இசையைத் தாளில் எழுதும் திறமை. என் பதிலின் அச்சாணி இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு பாட்டுக்கு மெட்டு இருக்கிறது. அதை நாம் முணுமுணுக்கிறோம். ஆனால் பதிவில் கேட்பது மெட்டு மட்டும் இல்லை. பாடகர் வாய் திறப்பதற்கு முன் ஒரு முன்னிசை. பல்லவி முடிந்ததும் ஓர் இடையிசை. முதல் சரணத்துக்குப் பிறகு இன்னோர் இடையிசை. ராஜாவின் பல பாட்டுகளில் இது முதலாவதிலிருந்து முற்றிலும் வேறாக இருக்கும். பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வயலின்கள் ஒரு வழியில் போகும், புல்லாங்குழல் இன்னொரு வழியில் போகும், அடியில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டை நடத்திக்கொண்டிருக்கும். இவை எல்லாவற்றையும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக, மேற்கத்திய இசைக்குறிப்பில் தானே எழுதிக் கொடுப்பவர் ராஜா. எந்த வாத்தியத்தையும் தொட்டுப் பார்க்காமல், மனத்துக்குள் கேட்டு நேரே தாளில் இறக்குவார் என்று அவரோடு வாசித்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிப் பல மெட்டுகள் ஒரே நேரத்தில் தனித்தனியாக நடந்தும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதை மேற்கத்திய இசையில் கவுண்டர்பாயிண்ட் என்பார்கள். பால் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஒவ்வொருவருக்கும் தனி நிரை. ஒருவர் மேட்டில் ஏறிக்கொண்டிருப்பார், ஒருவர் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருப்பார். யாரும் யாருடைய மரத்தையும் தொடமாட்டார்கள். ஆனால் நேரம் எல்லோருக்கும் ஒன்று. கடைசியில் எல்லாப் பாலும் ஒரே தொட்டியில் சேரும். ராஜாவின் பாட்டில் வயலினும் குழலும் பேஸும் அப்படித்தான் வேலை செய்கின்றன.

'அன்னக்கிளி' காலத்தில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் கூடி, ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்தார்கள். நடுவில் ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வயலினில் வி.எஸ். நரசிம்மன், குழலில் நெப்போலியன் என்கிற அருண்மொழி, கீபோர்டில் விஜி மேனுவல், டிரம்ஸில் புருஷோத்தமன், கிட்டாரில் சதானந்தம், பேஸில் சசிதரன் என்று அன்றும் அதன் பிறகும் ராஜாவுக்கு வாசித்தவர்களின் பெயர்களை ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். மெட்டும் கருத்தும் ஒருவருடையவை என்றாலும், நாம் கேட்ட சத்தம் இவர்களுடைய விரலிலும் மூச்சிலும் பிறந்தது.

இப்போது எங்கள் தோட்டத்துக்குத் திரும்புவோம். இத்தனை நுணுக்கமாக எழுதிய இசையில் எங்கள் காதுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது?

பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. கூம்பு ஒலிபெருக்கியின் வேலை மனிதக் குரலைத் தூரத்துக்குக் கொண்டு போவது. அந்த அளவு தாழ்ந்த ஒலியை அதனால் வெளியே தள்ள முடியாது. பழைய வானொலிப் பெட்டிகளும் அப்படித்தான். மத்திய அலையில் வந்த ஒலிபரப்பில் மிக உயர்ந்த ஒலிகளும் வெட்டுப்பட்டன, சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகளும் அடங்கிப்போயின. ஓடி ஓடித் தேய்ந்த கேசட்டில் வயலினின் கூர்மை மழுங்கியிருக்கும். ஆக, தலைமுறை தலைமுறையாக நாங்கள் கேட்டது பாட்டின் நடுப்பகுதியை. குரல் வந்தது, மெட்டு வந்தது, தாளம் வந்தது. அடியில் பேஸ் நடத்திய தனி மெட்டும், குரலுக்குப் பின்னால் வயலின்கள் நெய்த இழையும் பெரும்பாலும் வந்து சேரவில்லை. இன்றைக்கு உங்கள் கைபேசியின் ஸ்பீக்கரும் அதே குறையோடுதான் இருக்கிறது. சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே அதற்குச் சக்தி இல்லை. வராத ஒலியைக் காது ஊகித்து நிரப்பிக்கொள்கிறது.

அதனால்தான் ஒரு முழு வாத்தியக் குழுவுக்கு முன்னால் முதன்முறை உட்கார்ந்தபோது நான் திகைத்துப்போனேன். அத்தனை வருடம் பாடித் திரிந்த பாட்டின் கீழ்ப்பகுதியை அன்றுதான் கேட்டேன். பேஸின் ஒவ்வொரு சுரமும் நெஞ்செலும்பில் வந்து தட்டியது. குரல் ஒரு சொல்லில் நீண்டு நிற்கும்போது அடியில் பேஸ் நான்கு படி இறங்கி அந்தச் சொல்லின் நிறத்தையே மாற்றிவிடுவதைக் கேட்டேன். அந்தப் பாட்டை நான் ஆயுள் முழுக்கக் கேட்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அதன் பாதி அன்றைக்குத்தான் எனக்கு அறிமுகமானது. போனில் இருக்கிற பாட்டுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு என்னுடைய முதல் பதில் இதுதான். முழுப் பாட்டும் போனில் நமக்குக் கேட்பதில்லை.

இரண்டாவது பதில் கண்ணுக்கு உரியது.

திருமண மண்டபங்களில் 'மைனஸ் ஒன்' வைத்துப் பாடுவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இசை ஏற்கெனவே பதிவாகி வந்துவிடும், பாடுபவர் குரலை மட்டும் சேர்ப்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. எத்தனையோ நல்ல குரல்கள் அப்படித்தான் வெளியே தெரிந்தன. ஆனால் மைனஸ் ஒன்னில் இசை அசையாது. பாடகர்தான் அதன் பின்னால் ஓட வேண்டும். நேரடி மேடையில் இசை மூச்சு விடுகிறது. வயலின் வில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே போய் ஒரே நேரத்தில் கீழே வருவதைப் பாருங்கள். ஒவ்வொருவர் முன்னாலும் தாங்கியில் இசைத்தாள் இருக்கும். குழல்காரர் முப்பது நொடி வாசித்துவிட்டு நீண்ட நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். ஆனால் உதடு அசையும், எண்ணிக்கொண்டிருப்பார். தன் முறை வருகிற அந்தக் கணத்தில் தவறாமல் உள்ளே நுழைவார். காத்திருப்பதும் வாசிப்பின் பகுதி என்பது அப்போது விளங்கும்.

2005 அக்டோபரில் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் 'அன்றும் இன்றும் என்றும்' என்ற பெயரில் ராஜா நடத்திய நிகழ்ச்சியின் பதிவைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. பெரும்பாலான கச்சேரிகளை அவர் ஒரே மாதிரிதான் தொடங்குவார்: 'தாய் மூகாம்பிகை' படத்துக்கு அவர் பாடிய அம்மன் பாட்டு. வெள்ளை உடையில் ஆர்மோனியத்தோடு நிற்கும் அந்தத் தோற்றத்துக்கே அரங்கம் எழுந்துவிடும். இன்னொரு வழக்கமும் அவரிடம் உண்டு. பாடகர் தவறினாலோ, வாத்தியம் இடம் மாறி நுழைந்தாலோ, ஆயிரக்கணக்கான பேர் முன்னால் பாட்டை நிறுத்தி, திருத்தி, முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். சிலருக்கு அது கடுமையாகத் தெரிகிறது. எனக்கு அது பெரிய மரியாதையாகப் படுகிறது. தாளில் எழுதியது இது. கேட்க வந்தவர்களுக்கு இதைக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் அது. நமக்கு இது போதும் என்று நினைக்காமல், முழுமையாகக் கொடுக்கப்பட வேண்டியவர்கள் நாம் என்று ஒரு கலைஞர் நினைப்பதைவிட ரசிகனுக்கு என்ன பெருமை வேண்டும்?

மூன்றாவது பதிலுக்கு 2013க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு டிசம்பர் 28ல் கோலாலம்பூரில் 'கிங் ஆஃப் கிங்ஸ்' என்ற பெயரில் ராஜாவின் பெரிய கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. மலாக்காவிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பத் தயாராக இருந்தார்கள். சில நாள் முன்பு, 23ஆம் தேதி, சென்னையில் அவர் நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்ற செய்தி வந்தது. இதயத்துக்குச் சிகிச்சை நடந்தது. எங்கள் பக்கத்துக் கோவில்களில் அர்ச்சனை செய்தவர்களை எனக்குத் தெரியும். அவர் வரமாட்டார் என்பது உறுதியான பிறகும் கச்சேரி நின்றுவிடவில்லை. அவருடைய பிள்ளைகள் முன்னின்றார்கள். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வந்தார்கள். குறித்த நாளிலேயே நடந்தது.

ஆயர் குரோ டோலைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறும்போது பேருந்தில் வழக்கமான பாட்டும் கைதட்டும் இல்லை. யாரைப் பார்க்கப் போகிறோமோ அவர் இல்லாத இடத்துக்குப் போகிறோம் என்ற வருத்தம் எல்லோரிடமும் இருந்தது. ஒரு பாட்டி மட்டும், "அவரு நல்லா இருக்கணும், அது போதும், பாட்டு எங்க போயிடப் போவுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பாட்டி சொன்னதுதான் நடந்தது. முதல் வயலின் கூட்டம் எழுந்தபோது, அது ராஜாவின் இசையாகவே இருந்தது. எங்கே வில் நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. எங்கே பேஸ் படி இறங்க வேண்டுமோ அங்கே இறங்கியது. அவர் அங்கே இல்லாததால் குறைந்தது அவருடைய முகம், அவருடைய குரல், அவர் சொல்லும் கதைகள். அந்தக் குறை சிறியதில்லை. மனம் அதை இரவு முழுவதும் தேடியது. ஆனால் இசை குறையவில்லை. ஏன் என்று யோசித்தபடியே உட்கார்ந்திருந்தேன். பதில் தாங்கிகளில் இருந்தது. அவர் எழுதிவைத்திருக்கிறார், இவர்களுக்கு வாசிக்கத் தெரிந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால், எழுதியவர் படுக்கையில் ஓய்வெடுக்கும் இரவிலும் பாட்டு எழுந்து நிற்கும். நினைவை மட்டும் நம்பிய இசை ஆளோடு போய்விடக்கூடும். எழுத்தில் இருக்கும் இசைக்கு அந்தப் பயம் இல்லை.

இதற்கு வேறு சாட்சிகளும் உண்டு. 2005ல் வெளிவந்த 'திருவாசகம்' இசையில் மாணிக்கவாசகரின் சொல்லுக்குப் பின்னால் வாசித்தவர்கள் புடாபெஸ்ட் இசைக்குழுவினர். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியபோது, மைக்கேல் டாம்ஸ் நடத்த, அங்குள்ள இசைக்குழு வாசித்தது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, பண்ணைப்புரம் தெரியாது. தாள் தெரியும். அவர் எழுதியதைத் தாளிலிருந்து எடுத்து அவர்கள் சத்தமாக்கினார்கள்.

அந்த 2013 இரவில் இன்னொருவரையும் நான் நினைத்துக்கொண்டேன். பாடகர் மலேசியா வாசுதேவன். 1944ல் கோலாலம்பூரில் பிறந்து, நாடக மேடைகளில் வளர்ந்து, சென்னைக்குப் போனவர். ராஜா படங்களுக்கு இசையமைக்கத் தொடங்குவதற்கு முன்பே ராஜா சகோதரர்களின் பாவலர் பிரதர்ஸ் குழு மேடைகளில் பாடிய நண்பர். 1977ல் '16 வயதினிலே' அவரை எல்லா ஊருக்கும் தெரியவைத்தது. எங்கள் நாட்டின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு தமிழுலகம் முழுவதும் போனவர். 2011 பிப்ரவரியில் மறைந்துவிட்டார். ராஜாவின் பாட்டை மலேசிய மண்ணில் கேட்கும்போது அவருடைய இடம் காலியாக இருப்பது தெரியும். ஆனால் அவர் பாடிய பாட்டுகளை இன்று வேறு இளையவர்கள் பாடுகிறார்கள். வயதான பாடகர்கள் சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் பாடுவதும், புதியவர்கள் அந்த இடத்துக்கு வருவதும் குறையென்று நினைக்க வேண்டியதில்லை. வாத்தியக்காரர்கள் எல்லோரும் புதிய சுருதிக்கு மாற்றி எழுதிய தாளைப் பார்த்துத்தான் வாசிக்கிறார்கள். அந்த உழைப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

காசைப் பற்றியும் கேட்டார்கள் அல்லவா? அதையும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் பணம் மண்டப வாடகைக்கும் ஒலி அமைப்புக்கும் மட்டும் போவதில்லை. பெரிய குழு என்றால் மேடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் விமானச் சீட்டு, தங்கும் அறை, ஒத்திகை நாட்கள் உண்டு. அதற்கு மேல், மேடையில் காசு வாங்கிக்கொண்டு பாடப்படும் பாட்டுக்கு அதை உருவாக்கியவர்களுக்கு உரிமைத்தொகை சேர வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் 2012ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் இசையமைப்பாளர், பாடலாசிரியர் இருவரின் பங்கையும் வலுப்படுத்தியது. மலேசியாவில் எம்ஏசிபி என்ற அமைப்பு 1989 முதல் படைப்பாளிகளுக்காக இந்தத் தொகையை வசூலித்துக் கொடுக்கிறது. 2017ல் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் வெளிநாட்டுக் கச்சேரிகளில் இருந்தபோது, இந்த உரிமை குறித்து ராஜா தரப்பிலிருந்து அவருக்குச் சட்ட அறிவிப்புப் போனது. ரசிகர்கள் மிகவும் வேதனைப்பட்டோம். 2019ல் இருவரும் மறுபடி ஒரே மேடையில் நின்றபோது எங்கள் வீடுகளில் பண்டிகை வந்தது. அடுத்த ஆண்டு எஸ்.பி.பி. நம்மை விட்டுப் போனார். நட்பின் வலியைத் தாண்டிப் பார்த்தால், ராஜா எழுப்பிய உரிமைக் கேள்வியில் நியாயம் இருந்தது என்றே நான் நம்புகிறேன். பாட்டைக் கட்டியவருக்கும் சொல் எழுதியவருக்கும் அந்தப் பாட்டின் வருமானத்தில் பங்கு உண்டு. பால் எடுத்தவனுக்கு எடைக்கூலி சரியாக வர வேண்டும் என்று போராடிய சமூகம் நாம். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னது இளையராஜாவைப் புகழ்வதற்காக மட்டும் இல்லை. அவருக்கு என் புகழ்ச்சி தேவைப்படாது. 2018ல் பத்ம விபூஷண் பெற்றவர், ஐந்து முறை தேசிய விருது வாங்கியவர். நான் சொல்ல வந்தது நம்மைப் பற்றி.

தோட்டங்கள் கலைந்துவிட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது, சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. திடலும் லயமும் போன பிறகு, நாம் கூட்டமாக உட்கார்ந்து இசை கேட்கும் இடங்களும் குறைந்துவிட்டன. ஆனால் இசை நம்மை விட்டுப் போகவில்லை. 2006ல் நம் நாட்டு யோகி பியும் நட்சத்ரா குழுவும் 'வல்லவன்' தொகுப்பில் ராஜாவின் 'நிழல்கள்' படப் பாட்டு ஒன்றை ராப்போடு சேர்த்துப் புதிதாக்கினார்கள். தமிழ்நாடே அதைத் திரும்பிப் பார்த்தது. மாசி மகத்தன்று செங்கில் உறுமி அடிக்கும் பையன்களின் கையில் இருக்கும் தாளத்தைக் கேட்டால், திறமைக்கு இங்கே பஞ்சம் இல்லை என்பது தெரியும். நம்மிடம் குறைவாக இருப்பது தாளைப் படிக்கத் தெரிந்தவர்கள்.

அதற்கான வாசலும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆரம்பப் பள்ளி இசைப் பாடத்தில் பிள்ளைகள் ரெக்கார்டர் என்னும் குழல் வாசிக்கிறார்கள்; அதோடு சேர்த்து இசைக்குறிப்பின் அடிப்படையும் சொல்லித்தரப்படுகிறது. தெபோங், காடேக், டைமண்ட் ஜூபிலி என்று இன்னும் தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கும் நம் தமிழ்ப்பள்ளிகளில் படிக்கும் பிள்ளையும் அந்த ஐந்து கோடுகளைப் பார்த்திருக்கும். பெரும்பாலான வீடுகளில் தேர்வு முடிந்ததும் அந்தக் குழல் அலமாரிக்குள் போய்விடுகிறது. அதைப் போகவிடாதீர்கள். பிள்ளைக்குத் தெரிந்த ஒரு ராஜா பாட்டின் பல்லவியை இசைக்குறிப்பில் எழுதித்தரச் சொல்லி இசையாசிரியரிடம் கேளுங்கள். வாயில் இருக்கும் பாட்டைத் தாளில் பார்த்து விரலால் வாசிக்கும் பிள்ளைக்கு, இசை என்பது செய்யக்கூடிய ஒன்று என்பது புரிந்துவிடும். அப்படிப் பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் பள்ளி விழாவில் மைனஸ் ஒன் இல்லாமல் ஒரு பாட்டு நடத்தலாம். கோவில் நிர்வாகங்களும் திருவிழாக் கலை இரவில் நேரடி வாத்தியத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கலாம். உறுமிக்காரரையும் வயலின் படிக்கும் பிள்ளையையும் ஒரே மேடையில் உட்காரவைத்துப் பாருங்கள். 1976ல் வானொலியில் நாம் கேட்டு வியந்தது அதைத்தானே.

அடுத்த முறை கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கைபேசியைப் பையில் வையுங்கள். மிகவும் தெரிந்த ஒரு பாட்டு வரும்போது பாடகரைப் பார்க்காதீர்கள். பேஸ் கிட்டார்காரரையோ, பின்வரிசையில் இருக்கும் ஒரு வயலின்காரரையோ தேர்ந்தெடுத்து, பாட்டு முடியும் வரை அவர் ஒருவரை மட்டும் கவனியுங்கள். அவர் எப்போது வாசிக்கிறார், எப்போது காத்திருக்கிறார், அவர் வாசிப்பது மெட்டோடு எங்கே சேர்ந்து எங்கே விலகுகிறது என்று கேளுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, நல்ல ஹெட்போனில் அதே பாட்டைப் போட்டு அந்த ஒரு வாத்தியத்தைத் தேடுங்கள். கட்டாயம் கிடைக்கும். அது கிடைத்த பிறகு, பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் காதில் ஹெட்போனை வைத்து, "இதைக் கேளு, இது ஒருத்தர் எழுதி இன்னொருத்தர் வாசிச்சது, நீயும் படிச்சா வாசிக்கலாம்" என்று சொல்லிக் கொடுங்கள்.